நெசவாளி மகன் போட்ட எடைக் கணக்கு



உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி என்று சொன்னதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? பெரிய மாளிகையில் பிறந்திருப்பார், பெரிய கல்லூரியில் படித்திருப்பார், பணத்துக்குக் குறைவே இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம். அவர்கள் வேறு, நாம் வேறு என்று நடுவிலே ஒரு கோடு போட்டுக்கொண்டு ஒதுங்கி விடுகிறோம். அந்தக் கோட்டை அழிப்பதற்காகவே இந்தப் பரிசளிப்பு விழா மலரில் ஒரு பெரியவரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர் ஓர் ஏழை நெசவாளியின் மகன். பல்கலைக்கழகத்தில் மாணவராகப் படித்தவர் அல்லர். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். ஆனால் இன்று உலகத்தில் இரசாயனம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் போடுகிற ஒரு கணக்குக்கு முதல் கோடு போட்டவர் அவர்தான். அவர் பெயர் ஜான் டால்டன்.

அது என்ன கணக்கு? ஒரு பொருளில் எந்தெந்த அணு எத்தனை இருக்கிறது, அவற்றின் எடையெல்லாம் சேர்ந்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. நான்காம் படிவத்துக்குப் போகிற பிள்ளைகள் இதை மோலார் நிறை என்று படிக்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயந்து விடாதீர்கள். கடைக்காரர் சிட்டையில் போடுகிற கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். அதைக் கடைசியில் நாமே சேர்ந்து போட்டுப் பார்ப்போம். முதலில் இந்த மனிதரின் கதையைக் கேளுங்கள்.

தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை

இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்து என்று ஒரு மலைநாடு. அங்கே ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சின்னஞ்சிறு கிராமத்தில் 1766-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜான் பிறந்தார். தந்தை ஜோசப், வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர். தாயார் பெயர் டெபோரா. குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அது வயிற்றுப்பாட்டுக்கே சரியாக இருந்தது.

அவர்கள் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, ஆடம்பரம் இல்லாத வாழ்வு, பொய் பேசாமை ஆகியவை குவேக்கர்களின் வழக்கம். அரசாங்கத் திருச்சபையை ஏற்காதவர்கள் என்பதால் அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அவர்கள் பட்டம் பெற முடியாது. ஏழ்மை ஒரு பக்கம், அடைத்த கதவு மறுபக்கம். இதுதான் ஜானுக்குப் பிறப்பிலேயே கிடைத்த சொத்து!

ஆனால் ஒரு நல்ல காலம் இருந்தது. பக்கத்தில் இருந்த குவேக்கர் பள்ளிக்கூடத்தில் ஜான் ஃபிளெட்சர் என்ற ஆசிரியர் அவருக்கு அடிப்படைக் கல்வி தந்தார். ஊரிலேயே எலிஹு ராபின்சன் என்று ஓரளவு வசதியான பெரியவர் ஒருவர் இருந்தார். மழை, காற்று, வெப்பம் இவற்றையெல்லாம் கருவி வைத்து அளந்து பார்ப்பதில் அவருக்கு ஆர்வம். நெசவாளி பையனுக்குக் கணக்கில் மூளை ஓடுகிறது என்று கண்டுகொண்டு அவர் கணிதம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையிடம் இருப்பதை ஒருவர் கண்டுகொண்டால் போதும், பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

பன்னிரண்டு வயது வாத்தியார்

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜான் தமது பன்னிரண்டாவது வயதில் சொந்த ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி விட்டார்! வந்த பிள்ளைகளில் சிலர் அரிச்சுவடி படிக்கிற குழந்தைகள். சிலர் வாத்தியாரைவிட வயதில் மூத்த வாலிபர்கள். அதட்டினால் எதிர்த்துச் சண்டைக்கு வருவார்களாம். எப்படியோ சமாளித்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு நடத்தினார். வருமானம் போதவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல் வேலைக்குப் போனார்.

1781-ல் அண்ணன் ஜோனதனுடன் கெண்டல் என்னும் ஊருக்குப் போய், அங்கே உறவினர் நடத்திய குவேக்கர் பள்ளியில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில் அண்ணனும் தம்பியும் அந்தப் பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். இங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது.

கெண்டலில் ஜான் கௌ என்று ஓர் அறிஞர் இருந்தார். சிறு வயதில் அம்மை கண்டு இரண்டு கண்ணும் போனவர். ஆனாலும் செடி கொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் பெயர் சொல்லி விடுவாராம். லத்தீன், கிரேக்கம், உயர் கணிதம் எல்லாம் கற்றவர். கண் தெரியாத அந்தக் குருவுக்கு டால்டன் புத்தகம் படித்துக் காட்டினார். குரு அவருக்குப் பாடம் சொல்லித் தந்தார். குரு சொன்ன இன்னொரு யோசனை, நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்க வேண்டும் என்பது. 1787 மார்ச் 24-ஆம் நாள் டால்டன் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினார். எத்தனை நாள் எழுதினார் தெரியுமா? இறப்பதற்கு முதல் நாள் வரை, ஐம்பத்தேழு ஆண்டு! மொத்தம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். மழையையும் காற்றையும் தினம் அளந்தவருக்கு, காற்று என்பது என்ன, அதில் நீராவி எப்படிக் கலந்து நிற்கிறது என்ற கேள்விகள் தாமாகவே வந்தன. அந்தக் கேள்விகள்தாம் அவரை அணுவிடம் கொண்டு போய்ச் சேர்த்தன.

மாஞ்செஸ்டரும் நிறம் தெரியாத கண்ணும்

1793-ல் மாஞ்செஸ்டர் நகருக்கு வந்தார். பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த தொழில் நகரம் அது. பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைய முடியாதவர்களுக்காக அங்கே நடந்த புதுக் கல்லூரியில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. 1800-ல் அதையும் விட்டு விட்டார். வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த கட்டணத்திலேயே காலம் தள்ளினார். மாஞ்செஸ்டர் இலக்கிய தத்துவச் சங்கம் என்னும் அறிஞர் சபை தன் கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தது. அதுதான் அவருடைய வகுப்பறை, அதுதான் ஆராய்ச்சிக்கூடம்.

அவருக்குக் கண்ணில் ஒரு குறை உண்டு. சிவப்பும் பச்சையும் மற்றவர்களுக்குத் தெரிவது போல் அவருக்குத் தெரியாது. ஜெரேனியம் என்ற பூ பகலில் நீலமாகவும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்ததைக் கண்டு வியந்து பலரிடம் விசாரித்தார். மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். அவரோ 1794-ல் சங்கத்தில் எல்லார் முன்னிலும் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார்! நிறக்குருடு பற்றி வந்த முதல் விஞ்ஞானக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. இன்றும் பல நாடுகளில் அந்தக் குறைக்கு டால்டனிசம் என்று அவர் பெயரையே வைத்து வழங்குகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை நிறுப்பது எப்படி?

இப்போது அவருடைய பெரிய செயலுக்கு வருவோம். உலகத்துப் பொருள்கள் எல்லாம் அணு என்னும் மிக நுண்ணிய துகள்களால் ஆனவை என்ற எண்ணம் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அது பேச்சாகவே இருந்து வந்தது. டால்டன் அதைக் கணக்காக மாற்றினார். ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஒரு குறிப்பிட்ட எடை உண்டு, ஒரு தனிமத்தின் அணுவெல்லாம் ஒரே எடை, வேறு தனிமத்தின் அணு வேறு எடை என்றார். சரி, கண்ணுக்கே தெரியாத அணுவை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

இதற்கு அவர் கண்ட வழியை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒரு வீட்டுக் கலியாணத்துக்குத் தாம்பூலப் பை போடுகிறார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு தேங்காய், ஒரு எலுமிச்சம்பழம். நீங்கள் ஒரு காயையும் பார்க்கவில்லை. வந்து இறங்கியது எலுமிச்சை ஒரு கிலோ, தேங்காய் எட்டுக் கிலோ, மிச்சம் இல்லாமல் எல்லாம் தீர்ந்தது என்று மட்டும் தெரியும். ஒரு தேங்காய் ஓர் எலுமிச்சையைப் போல எத்தனை மடங்கு கனம்? எட்டு மடங்கு! தனிக் காயை நிறுக்கவே வேண்டாம், குவியலை நிறுத்தால் போதும்.

டால்டன் செய்ததும் இதுதான். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். அவற்றின் எடை விகிதம் தெரிந்தால் அணுக்களின் எடை விகிதம் தெரியும். எல்லாவற்றிலும் இலேசானது ஹைட்ரஜன். அதை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எண் கொடுத்தார். 1803-ஆம் ஆண்டு தமது குறிப்பேட்டில் இப்படி முதல் அணு எடைப் பட்டியலை எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 21-ல் சங்கத்தில் படித்த கட்டுரையோடு சேர்த்து அது 1805-ல் அச்சாயிற்று. 1808-ல் இரசாயனத் தத்துவத்தின் புதிய முறை என்ற நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். அதில் ஆக்சிஜனுக்கு 7, கந்தகத்துக்கு 13, தங்கத்துக்கு 140 என்று எண்கள் இருந்தன. ஒவ்வொரு அணுவுக்கும் வட்டத்தில் ஒரு குறி போட்டுப் படமும் வரைந்தார்.

அவர் கொள்கைக்குப் பலமான சாட்சி கரியிலிருந்து வந்தது. 3 கிராம் கரி 4 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு. அதே 3 கிராம் கரி 8 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறொரு வாயு. நாலு அல்லது எட்டு, சரியாக இரண்டு மடங்கு. நடுவிலே ஐந்தே கால், ஆறரை என்று கிடையாது. ஏன்? அணுவைப் பாதியாக வெட்டிச் சேர்க்க முடியாது. ஒன்று சேரும், அல்லது இரண்டு சேரும். குட்டைகளைக் கலக்கி, சேற்றிலிருந்து குமிழாக வரும் வாயுவைச் சீசாவில் பிடித்தும் இதே போல ஆராய்ந்தார். சிறுவர்கள் பார்த்திருக்க, அவர் அந்த வாயுவைப் பிடிக்கும் காட்சியை ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் என்ற ஓவியர் மாஞ்செஸ்டர் நகர மண்டபச் சுவரில் தீட்டி வைத்திருக்கிறார்.

எண்ணிக்கையில் வந்த தவறு

ஆனால் பெரியோர்களே, இந்த இடத்தில்தான் ஒரு பெரிய சிக்கல். பைக்கு ஒரு தேங்காய், ஒரு எலுமிச்சை என்று சொன்னேனே, அது தவறாக இருந்தால்? ஒவ்வொரு பையிலும் எலுமிச்சை இரண்டு போட்டிருந்தால்? அப்போது தேங்காய் எட்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு கனம் என்று ஆகி விடும். தராசில் தவறே இல்லை. ஆனால் எண்ணிக்கை தவறினால் விடை பாதியாகி விடும்.

டால்டனுக்கு நேர்ந்தது இதுவே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் என்ற ஒரே பொருள்தான் அன்றைக்குத் தெரியும். ஒரே பொருள்தான் தெரியும் என்றால், ஒன்றுக்கு ஒன்று சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அவரே ஒரு விதி வைத்துக்கொண்டார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, எளிமையாக இருக்கும் என்ற நினைப்புத்தான். தண்ணீரில் ஹைட்ரஜன் அணு இரண்டு என்பது இன்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எச் டூ ஓ என்று பாடுகிறார்கள். அவருடைய கருவிகளும் முரட்டுத்தனமானவை. ஆகவே எட்டு வரவேண்டிய இடத்தில் ஏழு வந்தது, பதினாறு ஆகவேண்டியது ஏழாகவே நின்று விட்டது.

அவருக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பு வந்தது. பிரான்சு நாட்டு கே-லுசாக் என்பவர் வாயுக்களை அளந்து பார்த்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று காட்டினார். 1811-ல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ அதற்கு விளக்கம் சொன்னார். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே அளவுள்ள வாயுக்களில் துகள்களின் எண்ணிக்கையும் ஒன்றே, ஆக்சிஜன் வாயுவின் ஒவ்வொரு துகளிலும் இரண்டு அணு ஜோடியாக இருக்கிறது, அந்த ஜோடிதான் பிரிகிறது என்றார். டால்டன் ஒப்பவில்லை. கே-லுசாக்கின் அளவே சரியில்லை என்றார். ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஜோடி சேராது என்பது அவர் நம்பிக்கை. கடைசி வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை.

இவ்வளவு பெரிய மேதை இதில் தவறினாரே என்று நினைக்கிறீர்கள், இல்லையா? யார் வாயிலிருந்து வந்தாலும் மெய் எது என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார் நம் வள்ளுவர். பெரியவர் சொன்னது என்பதற்காகக் கணக்குச் சரியாகி விடாது. அதே நேரத்தில், ஒரு விடை தவறு என்பதற்காக அந்தப் பெரியவர் காட்டிய வழி தவறாகி விடாது.

புகழ் வந்தது, பாடம் நிற்கவில்லை

நாட்கள் செல்லச் செல்ல அவர் பெயர் கடல் கடந்து பரவியது. 1822-ல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1826-ல் அதன் அரச பதக்கம் பெற்றார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை வெளிநாட்டு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. எந்த ஆக்ஸ்போர்டில் குவேக்கர் பிள்ளை பட்டம் பெற முடியாதோ, அதே ஆக்ஸ்போர்டு 1832-ல் அவரை அழைத்து மேடையில் நிறுத்தி டாக்டர் பட்டம் கொடுத்தது!

அந்தப் பட்டத்துக்கு உரிய அங்கி நல்ல சிவப்பு. பகட்டான நிறம் குவேக்கருக்கு ஆகாது. ஆனால் டால்டன் அதைச் சாதாரணமாக அணிந்துகொண்டு நடமாடினார். அவர் கண்ணுக்குத்தான் அது இலை நிறமாகத் தெரிந்ததே! 1834-ல் அதே அங்கியோடு போய் அரசர் நான்காம் வில்லியமைக் கண்டு வந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் வீட்டுப் பாடத்தை நிறுத்தவில்லை. பிரான்சிலிருந்து ஓர் இரசாயன அறிஞர் இந்தப் பேராசானைத் தரிசிக்க மாஞ்செஸ்டர் வந்த கதையைச் சொல்வார்கள். பெரிய கட்டடம், பெரிய கூட்டம் இருக்கும் என்று தேடினாராம். கடைசியில் ஒரு சந்துக்குப் பக்கத்தில் சிறிய அறை. அங்கே ஒரு பெரியவர் ஒரு சிறுவனின் பலகையைக் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தார். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை, நீங்கள்தானா அவர் என்று விசாரித்தார். ஆமாம், கொஞ்சம் உட்காருங்கள், இந்தப் பையனுக்குக் கணக்கைச் சரி செய்து விட்டு வருகிறேன் என்றாராம் டால்டன். ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறு பெருமை வேண்டுமா, சொல்லுங்கள்!

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பாதிரியார் குடும்பத்தோடு பல ஆண்டு தங்கியிருந்தார். வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் வேலையை மூட்டை கட்டி வைத்து விட்டு நண்பர்களோடு பந்து உருட்டி விளையாடப் போவார். 1833-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 150 பவுன் உதவித் தொகை தந்தது. பிறகு அது 300 ஆயிற்று.

1837-ல் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் கையும் தளர்ந்தன. ஆனால் வானிலைக் குறிப்பு நிற்கவில்லை. 1844 ஜூலை 26-ஆம் நாள் இரவு, நடுங்கும் கையால் அன்று சிறிது மழை என்று எழுதி வைத்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்திருந்தது. அவர் உடலை மாஞ்செஸ்டர் நகர மண்டபத்தில் வைத்தார்கள். நாற்பதாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். ஒரு வீட்டுப் பாட வாத்தியாருக்கு ஒரு தொழில் நகரமே எழுந்து நின்று வணக்கம் செலுத்தியது.

மிச்சக் கணக்கை முடித்தவர்கள்

டால்டன் மறைந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒருவர் ஆக்சிஜன் 8 என்பார், இன்னொருவர் 16 என்பார். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு கணக்கு. தண்ணீருக்கே ஒருவர் எழுதுவது மற்றவருக்குப் புரியாது.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நூற்றுக்கு மேற்பட்ட இரசாயன அறிஞர்கள் கூடினார்கள். மூன்று நாள் விவாதித்தும் முடிவு வரவில்லை. கலைகிற நேரத்தில் ஒரு சிறு பிரசுரம் கைக்குக் கை போயிற்று. கன்னிசாரோ என்ற இத்தாலிய ஆசிரியர், தம் மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று 1858-ல் எழுதிய விளக்கம் அது. அவகாட்ரோ சொன்னதை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைச் சரியாக்கினால் எல்லா எடையும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதை அதில் காட்டியிருந்தார். படித்தவர்களுக்குக் கண்ணில் இருந்த திரை விலகியது. அறிஞர் சபையில் தீராத வழக்கு, வகுப்பறைப் பாடக் குறிப்பினால் தீர்ந்தது!

இன்று கரியை 12 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறோம். ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, கந்தகம் 32. இவை முழு எண்ணாக்கிய அளவுகள். நம் கணக்குக்கு இவை போதும். அணு எடைகளை அளக்கிற அலகுக்கு டால்டன் என்றே பெயர் வழங்குகிறது.

உர மூட்டையில் ஒரு கணக்கு

வாருங்கள், இப்போது நாமே போட்டுப் பார்ப்போம். விதி மூன்றே மூன்று. முதலாவது, பொருளில் எந்தெந்த அணு எத்தனை என்று எண்ணு. இரண்டாவது, ஒவ்வோர் எண்ணிக்கையையும் அதன் அணு எடையால் பெருக்கு. மூன்றாவது, எல்லாவற்றையும் கூட்டு. தண்ணீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. இரண்டு ஒன்று இரண்டு, ஒரு பதினாறு பதினாறு, மொத்தம் 18. அதாவது தண்ணீரின் மோலார் நிறை 18 கிராம்.

மோல் என்பது என்ன? டஜன் என்றால் 12 என்கிறோமே, அது போல ஓர் எண்ணிக்கைக்குப் பெயர். அணு மிகவும் சிறியது என்பதால் எண்ணிக்கை மிகவும் பெரியது, ஏறக்குறைய 602 போட்டு அதற்குப் பின் 21 சுழியம். அவகாட்ரோவின் நினைவாக அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். 18 கிராம் தண்ணீரில் அத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன. இரண்டு வாய் தண்ணீர்கூட இல்லை, பாருங்க!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்தில் உரம் போடுகிற அம்மா அப்பா எத்தனையோ பேர் இதைப் படிக்கிறீர்கள். யூரியா மூட்டையில் 46 என்றும், அமோனியம் சல்பேட் மூட்டையில் 21 என்றும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூட்டையின் எடை அல்ல. 100 கிலோவில் மரத்துக்குத் தேவையான நைட்ரஜன் எத்தனை கிலோ என்பது அது. அந்த எண் எங்கிருந்து வந்தது? டால்டன் காட்டிய வழியிலிருந்துதான்.

யூரியாவில் கரி 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. பெருக்கினால் 12, 16, 28, 4. கூட்டினால் 60. இதில் நைட்ரஜன் மட்டும் 28. அறுபதில் 28 என்றால் நூற்றுக்கு 46-க்குச் சற்று மேலே. மூட்டையில் 46!

அமோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4. பெருக்கினால் 28, 8, 32, 64. கூட்டினால் 132. இதிலும் நைட்ரஜன் அதே 28. நூற்று முப்பத்திரண்டில் 28 என்றால் நூற்றுக்கு 21. மூட்டையில் 21!

ஆக, தோளில் ஏற்றும்போது 50 கிலோ மூட்டை இரண்டும் ஒரே கனம்தான். ஆனால் ஒன்றில் நைட்ரஜன் 23 கிலோ, மற்றதில் பத்தரைக் கிலோ. சுமக்கிற தோளுக்குத் தெரியாத வித்தியாசம் கணக்குப் போடுகிற பிள்ளைக்குத் தெரிகிறது. இதனால் யூரியாதான் உயர்ந்தது என்று சொல்லவில்லை. அதை மண்ணின் மேலே அப்படியே கிடக்க விட்டால் நைட்ரஜனில் ஒரு பகுதி காற்றோடு போய் விடும். அமோனியம் சல்பேட்டில் கந்தகமும் சேர்ந்து கிடைக்கிறது. எதை எங்கே போடுவது என்பது வேறு படிப்பு. எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய இந்தப் படிப்பு.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு விடுகிறேன். ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றுகிறார்களே அமோனியா, அதில் நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3. மோலார் நிறை என்ன? டால்டன் 1808-ல் இதையும் ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணி 6 என்று எழுதினார். நீங்கள் போட்டால் 17 வரும். அந்த மேதையால் எட்ட முடியாத விடையை ஒரு தோட்டத்துப் பிள்ளை அரை நிமிடத்தில் எட்டி விடலாம். அவர் போட்ட பாதையில் நடப்பதால்தான் அது முடிகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெற்றோர்களே, தறிக்காரர் மகனிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. தினம் ஒரு வரி எழுதுகிற பழக்கம் இருந்தது, கூட்டல் பெருக்கலில் பயம் இல்லாத மனம் இருந்தது, உதவி செய்ய ஊரிலே இரண்டு பெரியவர் இருந்தார்கள். இந்த மூன்றையும் நாம் நம்ம பிள்ளைகளுக்குத் தர முடியாதா? இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்க முடியாதா? படித்த அண்ணன் அக்காமார் லயத்துத் தம்பி தங்கைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கணக்குச் சொல்லித் தர முடியாதா?

மாணவமணிகளே, இன்று பரிசு பெற்றவர்கள் நாளையும் எழுதுங்கள். பெறாதவர்கள் இன்றே எழுதத் தொடங்குங்கள். எதையும் நிறுத்துப் பாருங்கள், நிறுத்ததோடு விட்டு விடாமல் எண்ணியும் பாருங்கள். அடுத்த முறை அப்பா உர மூட்டையை இறக்கும்போது அதில் இருக்கிற எண்ணைப் பார்த்து, அது ஏன் வந்தது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிதான் உங்களுக்கு உண்மையான முதல் பரிசு.

வளர்க நம் தமிழ்ப்பள்ளி! வாழ்க நம் பிள்ளைகள்!